அறுநூற்றுப் பதினான்காம் அட்டை

ஜூன் 3, திங்கள்

5.10க்கு எழுந்தேன். மோட்டார் பன்னிரண்டு நிமிடம் ஓடியும் தொட்டி பாதிகூட நிறையவில்லை. மனைவி ஜெபமணியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஒன்பது மணிக்கு அகராதி மன்றத்துக்குப் போய் அட்டை அறையைத் திறந்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். பெயர் இசக்கியம்மாள். வயது முப்பத்தொன்பது இருக்கும். ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டாராம். ஜூலை 5 அன்று பொது வாய்மொழித் தேர்வு. பட்டம் கையில் இருந்தால் ஜூலை 22 அன்று நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குப் போகலாம். நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்களாம், அதனால் இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

"நீங்க இங்க என்ன வேல பாக்கிய சார்?" என்று கேட்டார்.

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவன் என்றும், பேராசிரியர் உமையொருபாகம் உருவாக்கிவரும் 'ஆங்கிலத்தில் தமிழ் வேர்கள்' அகராதிக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லுக்கு ஓர் அட்டையாக எழுதுகிறேன் என்றும் சொன்னேன். இந்த அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்பம் 614ஆம் நம்பர் அட்ட உங்க கையெழுத்துதான?"

எடுத்துக் காட்டினேன். கௌடௌ (kowtow) என்ற ஆங்கிலச் சொல்லுக்கான அட்டை அது. பொருள்: அளவு மீறிப் பணிதல். வேர்: தமிழ், கால்தொடு. சான்று: காயல்பட்டினத்து வணிகர் ஓலை, 'சீனத்துத் துரைமுன் கால்தொட்டு நின்றோம்'. பார்த்தவர்: சா.பா.

பார்த்தவர் என்ற கட்டத்தில், சான்றை நேரில் கண்டவர் மட்டுமே முதலெழுத்துப் போட வேண்டும் என்பது பேராசிரியர் வகுத்த விதி. சா.பா. நான்தான். சாமுவேல் பாக்கியநாதன்.

"இந்த ஓலைய நீங்க கண்ணால பாத்தியளா சார்?"

ஞாபகமில்லை என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

பரணிலிருந்து 1981ஆம் ஆண்டு நாட்குறிப்பை இறக்கினேன். தூசியால் ஒன்பது முறை தும்மினேன். பிப்ரவரி 19 அன்று இப்படி எழுதியிருக்கிறேன்:

'காயல்பட்டினம், மூன்றாம் முறை. ஓலை வைத்திருக்கும் வணிகர் வீட்டார் தேநீர் தந்தார்கள். ஓலைக்கட்டுகள் 31. எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தாயிற்று. அந்த வரி இல்லை. பேராசிரியர் உ.பா. அவர்களிடம் சொன்னேன். "சனிக்கிழம மாநாடு. நான் சொல்லுதேன், எழுதும் வே. ஓலை எங்க ஓடிரப் போகுது?" என்றார். எழுதினேன்.'

அன்று எனக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம். அப்படியானால் இந்தக் குறிப்பையும் முழுதாக நம்ப முடியாது. ஆனால் காய்ச்சல் வந்தால் அதையும் எழுதிவைப்பது என் வழக்கம். எழுதியிருக்கவில்லை.

அந்த மாநாட்டில்தான் பேராசிரியருக்கு முதல் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஜூன் 7, வெள்ளி

இசக்கியம்மாள் மீண்டும் வந்தார். ஆய்வேட்டின் ஒரு படியை என்னிடம் கொடுத்தார். நான்காம் இயல் முழுவதும் கௌடௌவும் அதைச் சார்ந்த சொற்களும் பற்றியது. மதிய உணவை மறந்து படித்தேன்.

சீனத்தில் முதல் அசைக்குத் தட்டுதல் என்று பொருள், இரண்டாம் அசைக்குத் தலை. தலையால் தரையைத் தட்டுவது. பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு, மண்டிக்கு மூன்று வீதம் ஒன்பது முறை நெற்றி தரையில் பட வேண்டும். சீனர்களுக்கு அது ஒழுங்கான மரியாதைதான், பெற்றோருக்கும் முன்னோருக்கும் செய்வது. 1793இல் போன பிரிட்டிஷ் தூதர் அப்படிச் செய்ய மறுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல் ஆங்கிலத்தில் அச்சேறியது. சில பத்தாண்டுகளுக்குள் அது வினைச்சொல்லாகி, கூழைக்கும்பிடு போடுவதைக் குறிக்கும் இளக்காரச் சொல்லாகிவிட்டது. சடங்கு ஒரு நாட்டில் இருக்க, அதன் அவமானம் மட்டும் கப்பல் ஏறிப் போயிருக்கிறது. கால்தொடு எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது.

இரண்டு அச்சுப்பிழைகள் தவிர அந்த இயலில் குறை சொல்ல எதுவுமில்லை.

"சீனம் எங்கம்மா படிச்சீங்க?"

"போன்லதான் சார். பஸ்ல போகையில வரையில காதுல மாட்டிக்கிட்டு. எம்மவ சொல்லுதா, 'எம்மா, நீ தூக்கத்துலயும் சண்ட போடுத மாரிப் பேசுத'ன்னு." சிரித்தார். பிறகு, "ஒம்பது தடவ நெத்தியத் தட்டணுமாம் சார். நம்மூர்ல ஒரு தடவயோட விட்டுருதோம், பரவால்ல" என்றார்.

நானும் சிரித்தேன்.

"எல்லாஞ் சரியா இருக்கு சார். ஆனா அந்த ஓலைன்னு ஒண்ணு இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கியள்லா. அதக் காட்டியே எனைய அடிச்சிருவாவ. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

தேர்வன்று கேளுங்கள், உள்ளதைச் சொல்கிறேன் என்று சொன்னேன். அவர் கை கூப்பினார். எழுந்து நிற்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றியது, அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

ஜூன் 12, புதன்

தபால் மூன்று. ஒன்று சென்னையிலிருந்து, அகராதியை அச்சிட உதவும் குழுவின் உறை. பிரிக்கப் போனேன். "அத எங்கிட்டத் தாரும்" என்று பேராசிரியர் வாங்கிக்கொண்டார். வழக்கமாக எல்லாத் தபாலையும் நான்தான் பிரிப்பேன்.

ஜெபமணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவரிடம் எதையும் மறைத்ததில்லை. ஆகவே இசக்கியம்மாள் வந்ததையும், தேர்வில் சொல்வதாக நான் ஒப்புக்கொண்டதையும் பேராசிரியரிடம் இன்று சொல்லிவிட்டேன். மறைப்பது முறையல்ல.

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். தம் கையாலேயே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"என்னத்தச் சொல்லப் போறீரு?"

"உள்ளதை..."

"உள்ளது என்ன வே? நீரு பாத்தீரா, பாக்கலையா?"

"சரியாக ஞாபகமில்லை."

"ஞாபகம் இல்லாதவரு எதுக்கு வே வாக்குக் குடுத்தீரு? அந்தப் புள்ளைக்கு ஆசை காட்டலாமா? பாவம்லா அது." சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பார்த்தவர்னு போட்டிருக்கு. நீரு பொய்க் கையெழுத்துப் போடுத ஆளா? இல்ல. அப்பம் பாத்திருக்கீரு. அம்புட்டுத்தான். அகராதி முதப் பக்கத்துல இணைப் பதிப்பாசிரியர்னு உம்ம பேரு வரப் போகுது, தெரியும்லா? பொய்க் கையெழுத்துப் போட்டவன் பேர அங்க போட முடியுமா? சொல்லும்."

அவர் சொல்வதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

என்னைவிட அவர் மூன்று வயது இளையவர். இது யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 19, புதன்

அந்துருண்டை வாங்கினேன். இரண்டு பொட்டலம்.

ஜூன் 24, திங்கள்

சவரக் கத்தியால் 1981ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு தாளை வெட்டி எடுத்தேன். தைப்புக்கு அருகில், அளவுகோல் வைத்து. மற்ற தாள்கள் தளரவில்லை.

ஜெபமணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"அது என்னதுங்க?"

"பழைய தாள்."

"பழைய தாள வெட்டுதுக்கு அடிமட்டம் வச்சா வெட்டுவாவ?" உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "அந்தப் பொம்பளப் புள்ள விசயமா?"

அளவுகோலை இழுப்பறையில் வைத்தேன்.

"கர்த்தர் பாத்துக்கிட்டிருக்காரு, தெரிஞ்சிக்கிடுங்க" என்றாள். சண்டை பெரிதானால்தான் அவள் கர்த்தரைக் கூப்பிடுவாள். இன்று சண்டையே இல்லை.

தாளை எரிக்கவில்லை. நனைத்துப் பிசைந்து, சாக்கடையில் விட்டேன். எரித்தால் வாசனை வரும்.

ஜூலை 4, வியாழன்

மாலை 6.20க்கு இசக்கியம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு. ஞாபகம் இருக்குல்லா?"

"இருக்கும்மா."

"ஒங்களுக்குச் சொதி ஒத்துக்கிடும்லா சார்? தேங்காப்பால் சேராதுன்னா வத்தக்கொழம்பு சொல்லிருதேன்."

ஒத்துக்கொள்ளும் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

9.40க்குப் பல்கலைக்கழகத் துறைக் கட்டிடம் போய்ச் சேர்ந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வருபவர்தான் எல்லாருக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்வது இங்கே வழக்கம். நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தார். அவருடைய கணவர் லோடு ஆட்டோவில் பாத்திரங்களைக் கொண்டுவந்து மரத்தடியில் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நீங்கதான அந்த அட்ட சாரு? இவ ஒரு மாசமா வீட்ல ஒங்க பேச்சுத்தான் சார். 'ஊரே அந்தாளுக்குப் பயந்து கெடக்கு, ஒரு மனுசன் மட்டும் உள்ளதச் சொல்லுதேன்னாரு'ன்னு."

படி ஏறும்போது என் பையை அவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

அறையில் முப்பத்தைந்து பேர் இருந்தார்கள். நெறியாளரும் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் ஒரு காலத்தில் பேராசிரியரின் மாணவர்கள். அவர் உள்ளே வந்ததும் இருவரும் எழுந்து தங்கள் நாற்காலிகளைக் காட்டினார்கள். பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். அவர் அருகில் பொது இடத்தில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் முறை.

இசக்கியம்மாள் நாற்பத்திரண்டு நிமிடம் பேசினார். நன்றாகப் பேசினார்.

கேள்வி நேரத்தில் பேராசிரியர் உட்கார்ந்தபடியே கேட்டார்: "தாயி, ரொம்ப நல்லாச் சொன்னீங்க. ஓலையே கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. ஓலைய நேர்ல பாத்தேன்னு கையெழுத்துப் போட்டவரு இந்தா, எம் பக்கத்துல உக்காந்திருக்காரு. அப்பம் இவரு பொய் சொல்லுதாரா?"

அவர் தயங்கவேயில்லை. என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, "சாரையே கேட்டிருவோம் ஐயா" என்றார்.

எழுந்தேன். மேசையில் தண்ணீர்ப் புட்டிகள் ஆறு இருந்தன.

"பார்த்தேன்" என்றேன்.

"எங்க பாத்தீரு?" என்று பேராசிரியர் கேட்டார்.

"காயல்பட்டினத்தில்."

"சத்தமாச் சொல்லும். எழுதிக்கிடுதாங்க."

இன்னொரு முறை சொன்னேன்.

"சார், நீங்க எங்கிட்ட..." என்று இசக்கியம்மாள் தொடங்கினார். பிறகு நிறுத்திக்கொண்டார். எதிரில் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

கண்ணால் கண்ட சாட்சி இருக்கும்போது நான்காம் இயலை ஏற்பதற்கில்லை என்றும், அதை நீக்கிவிட்டு ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டை மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்றும் தேர்வாளர் அறிவித்தார். நேர்காணலுக்குப் பதினேழு நாள் இருக்கிறது.

1.15க்குச் சாப்பாடு. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பால்பாயசம். தேர்வு முடிந்ததும் பட்டம் பெற்றவர் நெறியாளர் காலில் விழுவது இன்னொரு வழக்கம். இன்று அதற்கு இடமில்லை. பேராசிரியர் இலையில் கை வைத்தபடி, "கால்ல விழத் தெரியாத புள்ளைகள்லாம் கால்தொடு மேல ஆராய்ச்சி பண்ண வந்துருது" என்றார். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

பரிமாறியவர் இசக்கியம்மாள்தான். யார் சொல்லியும் கரண்டியைக் கொடுக்கவில்லை. என் இலைக்கு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டா சார்?"

"கொஞ்சம்" என்றேன்.

ஊற்றினார். ஒரு துளிகூட இலைக்கு வெளியே சிந்தவில்லை.

அவருடைய கணவர் வெளியே பாத்திரங்களோடு நின்றிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. பாயச வாளியோடு வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார்: "நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா சார்? இனிமே இவள டாக்டர்னுதான கூப்பிடணும்?"

நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

வயிறு சரியில்லை. தேங்காய்ப்பால்.

ஜூலை 9, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னது 'பார்த்தேன்' என்ற ஒரே சொல். காயல்பட்டினத்தில் முப்பத்தொரு கட்டு ஓலைகளைப் பார்த்தது உண்மை. எந்த ஓலை, எந்த வரி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை.

ஜெபமணி இதைக் கேட்டுவிட்டு, "இத எங்கிட்டச் சொல்லுதுக்கு நாலு நாளா யோசிச்சியளா?" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

நேர்காணல் நாள். மோட்டார் பழுது. ஆள் வந்து பார்த்துவிட்டு, நாளை வருவதாகச் சொல்லிப் போனான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மன்றத்தின் காலாண்டிதழுக்கு மெய்ப்புத் திருத்தினேன். மூன்றாம் பக்கத்தில் பேராசிரியர் எழுதிய அறிவிப்பு:

'கௌடௌ என்பது சீனச் சொல்லே என்று தீவிர ஆய்வுக்குப் பின் முடிவு செய்துள்ளோம். முன்னர் நாம் வேறு முடிவு கூறியதற்கு, அட்டை எண் 614ஐ எழுதிய திரு. சாமுவேல் பாக்கியநாதன் தந்த பொய்ச் சான்றே காரணம். அவ்வோலையைத் தாம் கண்டதாக அவரே ஜூலை 5 அன்று பொது அவையில் உறுதி கூறியுள்ளார். அவரது முதுமையை முன்னிட்டு அவரை மன்னிக்கிறோம். சென்னைக் குழுவின் ஜூன் 10 கடிதத்துக்கு இதுவே நமது விடை.'

சென்னைக் குழுவின் கடிதமும் இணைப்பாக இருந்தது. இப்போதுதான் அதைப் படித்தேன். கால்தொடு என்ற வேருக்கு ஆதாரமான ஓலையைக் காட்டுங்கள், இல்லையேல் தவறுக்குப் பொறுப்பு யார் என்று தெரிவியுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தேதி ஜூன் 10. அவர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது ஜூன் 18.

ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. சேர்த்தேன்.

மெய்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடாது. ஜெபமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அப்பம் அந்தப் புள்ள சொன்னதுதான் சரின்னு அவருக்குப் போன ஜூன்லயே தெரியும்?"

"தெரிந்திருக்கலாம்."

"பழிய ஏத்துக்கிட ஒரு தலை வேணும்னு ஒங்களக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நீங்களும் பவுடர் போட்டுக்கிட்டுப் போயிருக்கிய."

தேர்வன்று நான் பவுடர் போட்டிருந்தது உண்மைதான்.

"போய்க் கேளுங்க. நாப்பது வருசம் ஒழச்சிருக்கியள்லா? கேளுங்களேன்!"

கேட்கலாம். ஆனால் கேட்டால் அட்டை அறைச் சாவியைத் திருப்பிக் கேட்பார். இதழில் முழுப்பெயராக என் பெயர் வருவது இதுவே முதல் முறை என்பதும் நினைவுக்கு வந்தது. ஜெபமணியிடம் இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

614ஆம் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார் பேராசிரியர். கௌடௌவுக்கு மட்டுமல்ல, அதைச் சார்ந்த சொற்களுக்கும் சேர்த்து நாற்பத்திரண்டு அட்டைகள். 'பிறமொழி வேர்கள்' என்று அகராதியில் தனிப் பிற்சேர்க்கையாக வருமாம்.

"எதைப் பார்த்து எழுத?"

"அதான் ஒரு ஏடு உம்மகிட்டக் கிடக்கே. நாலாம் இயல்."

"பார்த்தவர் என்ற இடத்தில்..."

"உம்ம பேரையே போடும் வே. தப்புப் பண்ணினவரே தேடிக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டாருன்னா பாக்கதுக்கும் நல்லாருக்கும்லா? நான் உம்மக் கை விட்டுருவேனா?"

"அந்தப் பிள்ளை..."

"எந்தப் புள்ள?" என்றார். மறந்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மறந்தவர் முகமாகத் தெரியவில்லை.

மாலைக்குள் பதினொரு அட்டைகள் முடித்தேன். எல்லாவற்றிலும் சா.பா. என்று போட்டேன். விதியின்படி இதில் தவறில்லை. இம்முறை என் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முப்பத்தெட்டு அட்டைகள் முடிந்தன. மை தீர்ந்ததால் நான்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் ஆய்வேட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தேன். 5.45க்குத் தொலைபேசி அடித்தது. ஜெபமணி எடுத்தாள்.

"ஆமா... சொல்லும்மா... எப்பிடியிருக்க?"

பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ளதான். கல்லூரியில நிப்பாட்டிட்டாவளாம். ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேல இருக்காம். ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணின புள்ளதான்னு தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் எழுதித் தரணுமாம். அந்தாளுக்குப் பயந்துக்கிட்டு யாரும் தர மாட்டேங்காவளாம். ஒங்கள ஒண்ணும் அது கொற சொல்லல. நாலு வரி போதும்னுது."

நான் பேனாவை மூடினேன். மூடித் திறந்தேன். எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் பள்ளியில் இருக்கும். யாராவது பார்ப்பார்கள். பேராசிரியருக்குப் பள்ளி நிர்வாகிகள் பலரைத் தெரியும்.

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நான் என்னன்னு சொல்ல?"

நான் இல்லை என்பதுபோல வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

ஜெபமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "அவுக ஊர்ல இல்லம்மா. எப்ப வருவாவன்னு தெரியல" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரிம்மா... சரிம்மா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுப்படிக்குப் போகிறவள் மேசைக்கு அருகில் நின்றாள். அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.